தூதர் என்பது வேலையின் பெயர்

ராணி யேசபேல் தன் தலைக்குக் குறி வைத்துவிட்டாள் என்று தெரிந்ததும் எலியா தீர்க்கதரிசி உயிர் தப்ப ஓடுகிறார். வனாந்தரத்தில் ஒரு நாள் நடை. ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கடவுளிடம் சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போகிறார். யாரோ தட்டி எழுப்புகிறார்கள். "எழுந்து சாப்பிடு." தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிடுகிறார், குடிக்கிறார், மறுபடி படுத்துக்கொள்கிறார். இரண்டாம் முறையும் அதே ஆள் வந்து தட்டுகிறார். சாப்பிடு, போக வேண்டிய தூரம் அதிகம்.

எழுப்பியவர் ஒரு தேவதூதர். அவர் எப்படி இருந்தார் என்று 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சிறகு இல்லை, ஒளிவட்டம் இல்லை, பாட்டு இல்லை. அடை தழலில் சுட்டது என்பது வரை எழுதியவருக்குச் சொல்லத் தோன்றியிருக்கிறது. சுட்டுத் தந்தவரைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை.

விவிலியத்தில் வரும் தூதர்களில் பெரும்பாலோர் இப்படித்தான். வருகிறார்கள், சொல்ல வேண்டியதைச் சொல்கிறார்கள் அல்லது செய்ய வேண்டியதைச் செய்கிறார்கள், போய்விடுகிறார்கள். அவர்கள் போன பிறகு கதை அவர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் கண்ணில் நிற்கும் தேவதூதருக்கும் இந்தப் பக்கங்களில் நடமாடும் தூதருக்கும் உள்ள தூரத்தைப் புரிந்துகொண்டால், கிறிஸ்தவ நம்பிக்கையில் அவர்களின் இடம் என்ன என்பது பாதி தெளிவாகிவிடும்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். எபிரெயத்தில் மலாக், கிரேக்கத்தில் ஆங்கெலோஸ். இரண்டுக்கும் செய்தி கொண்டுபோகிறவர் என்பதே பொருள். வானத்திலிருந்து வந்தவருக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்த சொல் அல்ல. யோவான் ஸ்நானகன் சிறையிலிருந்து இயேசுவிடம் ஆள் அனுப்புகிறாரே, அந்த மனிதர்களையும் லூக்கா நற்செய்தி இதே சொல்லால்தான் குறிக்கிறது. பழைய ஏற்பாட்டின் கடைசி நூலான மல்கியாவின் பெயருக்கே 'என் தூதன்' என்றுதான் அர்த்தம். தமிழ் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தது: தேவதூதர், வானதூதர் என்று சொன்னாலே வேலை என்ன என்பது காதில் விழுந்துவிடுகிறது. பழைய கத்தோலிக்க வழக்கான சம்மனசு என்ற சொல்லில் அந்தத் தூது மறைந்துவிட்டது, ஆனால் ஒலி அழகு.

நான்காம் நூற்றாண்டின் இறுதியிலும் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுதிய இறையியலாளர் அகுஸ்தீன் இதைத் திருத்தமாகச் சொல்லிவைத்தார். தூதர் என்பது அவர்கள் செய்யும் பணியின் பெயர். அவர்களுடைய இயல்பு என்னவென்று கேட்டால், ஆவி என்பதே பதில். இருப்பதால் ஆவி, செய்வதால் தூதர். இன்றைய கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இந்த வரியைத்தான் எடுத்து ஆள்கிறது.

சரி, ஆவி என்றால் எப்படிப்பட்டது? முதலில், படைக்கப்பட்டது. காண்பவை, காணாதவை எல்லாவற்றையும் படைத்தவர் என்று நீசேயா விசுவாச அறிக்கை கடவுளைச் சொல்லும்போது, அந்தக் 'காணாதவை'யில் தூதர்களும் அடக்கம். 1215இல் கூடிய ஆயர்களின் பேரவையான நான்காம் லாத்தரன் சங்கம், ஆவிப் படைப்பு, உடல் படைப்பு இரண்டையும் கடவுளே ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டாக்கினார் என்று தீர்மானமாக அறிவித்தது. ஆக, தூதர் சின்னக் கடவுள் அல்ல, கடவுளின் ஒரு துண்டும் அல்ல. எங்கும் நிறைந்தவரும் அல்ல, எல்லாம் தெரிந்தவரும் அல்ல. கடைசி நாள் எப்போது என்பது வானத்துத் தூதருக்கும் தெரியாது என்று இயேசுவே சொல்கிறார். பேதுருவின் முதல் நிருபத்தில், அதாவது கடிதத்தில், ஒரு வரி உண்டு: மனிதருக்கு அறிவிக்கப்பட்ட நற்செய்தியை உற்றுப்பார்க்கத் தூதர்களும் ஆசைப்படுகிறார்கள். எட்டிப் பார்க்க ஏங்குகிறவருக்கு எல்லாம் தெரிந்திருக்க முடியாது அல்லவா?

இன்னொன்று, செத்துப்போனவர்கள் தூதர்களாக மாறுவதில்லை. குழந்தை ஒன்று இறந்தால் தேவதையாகிவிட்டது என்று ஆறுதல் சொல்வது பல ஊர்களில் வழக்கம். அந்த ஆறுதலில் குறை காண எனக்கு மனம் வரவில்லை; ஆனால் சபைப் போதனை அது அல்ல. உயிர்த்தெழுந்தவர்கள் பெண் கொள்வதும் கொடுப்பதும் இல்லாமல் 'தூதர்களைப் போல்' இருப்பார்கள் என்று மத்தேயு 22இல் இயேசு சொல்வது ஒப்புமை மட்டும். மனிதர் உடலோடு உயிர்த்தெழுவார்கள் என்பது கிறிஸ்தவ நம்பிக்கையின் அச்சாணி. உடலே இல்லாத தூதராக மாறுவது அந்த நம்பிக்கைக்கு நேர் எதிர்.

உடல் இல்லை என்பதை வைத்துக்கொண்டு மிகத் தொலைவு போனவர் 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ். தம் பெரிய இறையியல் தொகுப்பில் 50 முதல் 64 வரையிலான 15 கேள்விகளை முழுக்கத் தூதர்களுக்கே கொடுத்தார். மனிதர் எல்லாரும் ஒரே இனம், ஆளுக்கு ஆள் வேறுபடுவது உடலால். உடல் இல்லாத தூதர்களில் ஒவ்வொருவரும் தனித்தனி இனமாகத்தான் இருக்க முடியும் என்பது அவர் வாதம். இரண்டு தூதருக்கு இடையே உள்ள வித்தியாசம் இரண்டு மனிதருக்கு இடையே உள்ளது போன்றது அல்ல, குதிரைக்கும் பருந்துக்கும் இடையே உள்ளது போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். ஊசி முனையில் எத்தனை தூதர் ஆடலாம் என்று இடைக்கால அறிஞர்கள் அடித்துக்கொண்டதாக ஒரு கதை உலவுகிறது. அது 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் புராட்டஸ்டண்ட் எழுத்தாளர்கள் அவர்களைக் கேலி செய்ய எழுதியதிலிருந்து பரவியது. அக்குவினாஸ் கேட்டது வேறு: ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் பல தூதர்கள் இருக்க முடியுமா? முடியாது என்பது அவர் பதில். தூதர் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு இருப்பதில்லை, அங்கே செயல்படுவதால்தான் அங்கே இருக்கிறார் என்கிறார். இங்கேயும் பாருங்கள், வேலைதான் இருப்பைத் தீர்மானிக்கிறது.

அப்புறம் அந்தச் சிறகுகள் எங்கிருந்து வந்தன?

ஆபிரகாமின் கூடாரத்துக்கு வந்தவர்கள் மூன்று மனிதர்கள் என்றுதான் ஆதியாகமம் 18 சொல்கிறது. அவர் கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, கன்றை அடித்துச் சமைத்துப் போடுகிறார். அறியாமலே தூதரை உபசரித்தவர்கள் உண்டு என்று எபிரெயர் நிருபம் பின்னால் சொல்வது பெரும்பாலும் இதை மனத்தில் வைத்துத்தான். சிறகோடு வந்திருந்தால் அறியாமல் எப்படி உபசரிப்பது? யாக்கோபின் கனவில் தூதர்கள் ஏணியில் ஏறி இறங்குகிறார்கள். பறக்கிறவருக்கு ஏணி எதற்கு?

சிறகு உள்ளவை வேறு. ஏசாயா 6இல் வரும் சேராபீன்களுக்கு ஆறாறு சிறகு: இரண்டால் முகத்தை மூடி, இரண்டால் கால்களை மூடி, மீதி இரண்டால் பறக்கின்றன. எசேக்கியேல் கண்ட கேருபீன்களுக்கு நான்கு சிறகு, நான்கு முகம்: மனிதன், சிங்கம், எருது, கழுகு. கூடவே சுழலும் சக்கரங்கள், சக்கரத்தைச் சுற்றிலும் கண்கள். இவற்றை அந்தப் பகுதிகள் 'தூதர்' என்று அழைப்பதே இல்லை. இவை செய்தி கொண்டு எங்கும் போவதில்லை. சிங்காசனத்தைச் சுற்றி நிற்கின்றன. ஏதேன் தோட்டத்து வாசலை அடைத்து நிற்பவையும் கேருபீன்களே. காவலும் துதியும் இவற்றின் பணி. எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து தூதர் என்று பெயரிட்டது பின்னால் வந்த மரபு.

ஓவியத்திலும் சிறகு தாமதமாகத்தான் முளைத்தது. ரோமில் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில், மரியாளுக்குக் காபிரியேல் செய்தி சொல்லும் காட்சி என்று பொதுவாகக் கொள்ளப்படும் பழைய ஓவியத்தில், நிற்பவர் வெறும் ஓர் இளைஞர். சிறகு இல்லை. கிறிஸ்தவத் தூதருக்குச் சிறகு வைத்த மிகப் பழைய சிற்பங்களில் ஒன்று நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது, இஸ்தான்புல்லில் இருக்கும் 'இளவரசனின் கல்பேழை'. கிரேக்க, ரோமச் சிற்பிகளுக்குச் சிறகுள்ள வெற்றித் தேவதையைச் செதுக்கிப் பழக்கம் இருந்தது. அந்தக் கைப்பழக்கம் இங்கே இறங்கியது. மறுமலர்ச்சிக் காலத்தில் ரோமக் காதல் கடவுளின் குண்டுக் குழந்தை உருவமும் வந்து சேர்ந்தது. நான்கு முகமும் சுடர்விடும் வாளுமாக நின்ற கேருபின் பெயர், பல ஐரோப்பிய மொழிகளில் கடைசியில் கன்னம் உப்பிய குழந்தைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. விவிலியத்தில் தூதர்கள் பலமுறை வாயைத் திறந்ததும் சொல்லும் வார்த்தை 'பயப்படாதே'. குண்டுக் குழந்தைக்கு அப்படிச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது.

பெயர்களும் குறைவு. புராட்டஸ்டண்ட் விவிலியத்தில் பெயரோடு வரும் தூதர்கள் இருவர்: மிகாவேல், காபிரியேல். கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையினரும் ஏற்கும் தோபித்து நூலில் மூன்றாமவராக ரபேல் வருகிறார், அதுவும் கூலிக்கு வழித்துணை வரும் இளைஞராக; பயணம் முடியும் வரை தாம் யார் என்று காட்டிக்கொள்வதில்லை. மிகாவேல் என்றால் 'கடவுளுக்கு நிகர் யார்?' காபிரியேல், 'கடவுள் என் வலிமை'. ரபேல், 'கடவுள் குணமாக்குகிறார்'. மூன்று பெயரும் சுட்டுவது தூதரை அல்ல. மனோவா என்பவர் தம்மிடம் வந்த தூதரின் பெயரைக் கேட்கிறார், நியாயாதிபதிகள் 13இல். என் பெயர் என்னவென்று ஏன் கேட்கிறாய், அது அதிசயம் என்று பதில் வருகிறது. விலாசம் கேட்டவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளும் தோரணை.

ஆனால் மனிதருக்குப் பட்டியல் வேண்டும். தலைமைத் தூதர் என்ற சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடத்தில்தான் வருகிறது, 1 தெசலோனிக்கேயர் 4இலும் யூதா நிருபத்திலும். பவுல் போகிற போக்கில் சிங்காசனங்கள், கர்த்தத்துவங்கள், துரைத்தனங்கள், அதிகாரங்கள் என்று அடுக்குகிறார். இவ்வளவு சரக்கை வைத்துக்கொண்டு, கிபி 500ஐ ஒட்டிய காலத்தில் ஒருவர் ஒன்பது அணிகள் கொண்ட வானத்து வரிசையை எழுதி முடித்தார்: சேராபீன், கேருபீன், சிங்காசனங்கள் மேலே, இடையில் மூன்று, அடியில் துரைத்தனங்கள், தலைமைத் தூதர்கள், சாதாரணத் தூதர்கள். எழுதியவர் தம்மைப் பவுலின் சீடரான தியொனீசியு என்று காட்டிக்கொண்டார். அந்தப் பெயருக்கு மரியாதை கொடுத்து ஓர் ஆயிரம் வருடம் இடைக்கால உலகம் அதை ஏற்றுக்கொண்டது. பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா சந்தேகத்தைக் கிளப்பினார். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி கால்வின் இன்னும் கடுமை: படித்தால் வானத்திலிருந்து இறங்கிவந்தவர் தம் கண்ணால் கண்டதைச் சொல்வது போல இருக்கிறது, மூன்றாம் வானம் வரை எடுக்கப்பட்ட பவுலோ இதில் ஒன்றையும் சொல்லவில்லையே என்றார். எனக்குக் கால்வினின் இந்தக் குத்தல் பிடிக்கும். ஆனால் அந்த ஒன்பது அணிகள் இல்லாமல் ஐரோப்பியக் கலையும் கவிதையும் பாதி ஏழையாகியிருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பட்டியல் ஆசையைச் சபையே கையைப் பிடித்துத் தடுத்த சம்பவங்களும் உண்டு. எட்டாம் நூற்றாண்டில் பிராங்கு நாட்டில் அல்தபெர்ட் என்றொரு போதகர் ஊரூராகப் போய்க் கூட்டம் சேர்த்தார். அவர் பயன்படுத்திய ஜெபம் ஒன்றில் ஊரியேல், ரகுவேல், தூபுவேல் என்று வரிசையாகத் தூதர்களின் பெயர்கள். 745இல் ரோமில் போப் சகரியா கூட்டிய சங்கத்தில் அந்த ஜெபம் வாசிக்கப்பட்டது. இவை தூதர்களின் பெயர்கள் அல்ல, பேய்களின் பெயர்கள். நமக்குத் தெரிந்தவை மூன்றே மூன்று என்று தீர்ப்பாயிற்று. 2001இல் வத்திக்கான் வெளியிட்ட மக்கள் பக்தி வழிகாட்டியும் அதே மூன்று பெயருக்கு மேல் தூதருக்குப் பெயர் வைக்கும் வழக்கம் வேண்டாம் என்கிறது. ஆயிரத்து இருநூறு வருட இடைவெளியில் அதே அறிவுரையைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய ஏற்பாட்டில் ஒரு தூதர் மட்டும் இந்த வரையறைகளுக்குள் அடங்க மாட்டார்: கர்த்தருடைய தூதன். வனாந்தரத்தில் ஆபிரகாம் வீட்டு அடிமைப்பெண் ஆகாரிடம் அவர் பேசுகிறார்; அவளோ தன்னோடு கடவுளே பேசியதாகச் சொல்லி அவருக்குப் பெயரிடுகிறாள். எரியும் முட்செடியில் தோன்றுகிறவர் கர்த்தருடைய தூதன் என்று யாத்திராகமம் 3 தொடங்கும், இரண்டு வசனம் தாண்டினால் செடியிலிருந்து கூப்பிடுவது கடவுள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இந்த இடங்களில் செய்திருப்பதைக் கவனியுங்கள். மரியாளிடம் வந்த காபிரியேல் 'தேவதூதன்', 'என்றான்'. ஆகாரிடமும் ஆபிரகாமிடமும் பேசுகிறவர் 'தூதனானவர்', 'என்றார்'. ஒரு விகுதியில் ஒரு பெரிய இறையியல் தீர்மானம் ஒளிந்திருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் போன்றவர்கள், அங்கே தோன்றியது மனிதனாகப் பிறப்பதற்கு முந்தைய கிறிஸ்துவே என்றார்கள். அகுஸ்தீன், அது படைக்கப்பட்ட தூதர்தான், அனுப்பியவரின் குரலில் பேசுகிறார் என்ற பக்கம் சாய்ந்தார். இந்த விவாதம் முடியவில்லை.

இயேசுவின் வாழ்க்கையில் தூதர்கள் எங்கே வருகிறார்கள் என்று பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். பிறப்பில் கூட்டமாக வருகிறார்கள். வனாந்தரச் சோதனை முடிந்ததும் பணிவிடை செய்கிறார்கள். கெத்செமனேயில் ஒருவர் வந்து பலப்படுத்துகிறார் (லூக்கா 22:43, சில பழைய கையெழுத்துப் படிகளில் இந்த வசனம் இல்லை). கல்லறையில் இருக்கிறார்கள், அவர் வானத்துக்கு ஏறும்போது சீடர்களோடு பேசுகிறார்கள். இடைப்பட்ட ஊழியக் காலத்தில் அவர்களைக் காண்பதே அரிது. ஓரங்களில் நெருக்கமாக, நடுவில் வெற்றிடம். சொல்ல வேண்டியவரே வந்து பேசிக்கொண்டிருக்கும்போது தூதுவருக்கு என்ன வேலை? கைது செய்யப்படும் இரவில், நான் கேட்டால் பிதா பன்னிரண்டு லேகியோனுக்கு மேற்பட்ட தூதரை அனுப்பமாட்டாரா என்கிறார். ரோமப் படையில் ஒரு லேகியோனில் ஏறத்தாழ 5,000 வீரர். கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அவர் கேட்கவில்லை.

இதே கருத்தை எபிரெயர் நிருபம் முதல் அதிகாரத்தில் வாதமாகவே வைக்கிறது: தூதர்கள் பணிவிடை ஆவிகள், குமாரன் வேறு. பவுல் இன்னும் ஒரு படி தாண்டி, தூதர்களை நியாயந்தீர்ப்போம் என்று உங்களுக்குத் தெரியாதா என்று கொரிந்தியரைக் கேட்கிறார். சக விசுவாசியை வழக்குமன்றத்துக்கு இழுத்த சில்லறைத் தகராறைக் கண்டிக்கும் இடத்தில் வரும் வரி இது.

விழுந்த தூதர்களைப் பற்றிப் பலர் நினைப்பதைவிட மிகக் குறைவாகவே விவிலியம் பேசுகிறது. பாவம் செய்த தூதர்களைக் கடவுள் தப்பவிடவில்லை என்று 2 பேதுருவும் யூதாவும் சொல்கின்றன. மிகாவேலும் வலுசர்ப்பமும் மோதும் போர் வெளிப்படுத்தல் 12இல் வருகிறது. லூசிபர் என்ற பெயர் ஏசாயா 14இன் லத்தீன் மொழிபெயர்ப்பில் விடிவெள்ளியைக் குறிக்க வந்த சொல். அந்தப் பாட்டு பாபிலோன் ராஜாவைப் பற்றியது. சாத்தானின் வீழ்ச்சியாக அதைப் படித்தது பிற்கால விளக்கம். முக்கியமானது இது: சாத்தான் கடவுளுக்கு எதிர்க்கடவுள் அல்ல. அவனும் படைப்பு. அதனால்தான் அவனோடு சண்டை போடுவது மிகாவேல். தூதர்கள் உன்னைக் கைகளில் ஏந்துவார்கள் என்ற 91ஆம் சங்கீத வரியை விவிலியத்தில் எடுத்துப் பேசுகிறவன் யார் தெரியுமா? தேவாலய உப்பரிகையில் இயேசுவைச் சோதிக்கும் சாத்தான்.

ஆளுக்கொரு காவல் தூதர் உண்டா என்பதில் சபைகள் பிரிகின்றன. இந்தச் சிறியவர்களின் தூதர்கள் பரலோகத்தில் என் பிதாவின் முகத்தை எப்போதும் காண்கிறார்கள் என்ற மத்தேயு 18:10தான் ஆதார வசனம். கத்தோலிக்கத் திருச்சபை உண்டு என்கிறது. அக்டோபர் 2 காவல் தூதர் திருநாள், செப்டம்பர் 29 மூன்று தலைமைத் தூதர்களுக்கு. ஆர்த்தடாக்ஸ் சபைகளின் பெரிய நாள் நவம்பர் 8. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லுத்தர் 1529இல் எழுதிய சிறு ஞானோபதேசத்தின் காலை, மாலை ஜெபங்களில், உமது பரிசுத்த தூதர் என்னோடு இருக்கட்டும் என்று கடவுளிடம் கேட்கச் சொல்கிறார். தூதரிடம் அல்ல, கடவுளிடம். கால்வின், ஒருவருக்கு ஒருவர்தான் என்று ஏன் சுருக்க வேண்டும், வானத்துச் சேனை முழுவதுமே காக்கிறது என்று எழுதினார். கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையினரும் தூதர்களின் பரிந்துரையை நேரடியாகக் கேட்பார்கள். ஆனால் ஆராதனை கடவுளுக்கு மட்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வெளிப்படுத்தல் நூலில் யோவான் இரண்டு முறை தூதரின் காலில் விழப்போகிறார். இரண்டு முறையும் ஒரே பதில்: அப்படிச் செய்யாதே, நானும் உன்னைப் போல ஒரு ஊழியக்காரன்.

காவல் தூதர் நம்பிக்கை முதல் தலைமுறையிலேயே இருந்தது என்பதற்கு அப்போஸ்தலர் 12இல் ஒரு காட்சி இருக்கிறது. பேதுரு சிறையில், இரண்டு சேவகருக்கு நடுவே, இரண்டு சங்கிலியால் கட்டப்பட்டுத் தூங்குகிறார். விடிந்தால் ஏரோது அவரை மக்கள் முன் கொண்டுவரப்போகிறான். தூதர் வந்து விலாவில் தட்டுகிறார். சீக்கிரம் எழுந்திரு. அரைக்கச்சையைக் கட்டு. செருப்பைப் போடு. மேலங்கியைப் போர்த்திக்கொண்டு என் பின்னே வா. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கிளப்பும் தாயின் அவசரம். இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. ஒரு தெரு நீளம் கூடவே நடக்கிறார், அப்புறம் இல்லை.

பேதுரு தனியாக மாற்குவின் தாயார் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறார். உள்ளே அவருக்காகத்தான் எல்லாரும் கூடி ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். ரோதை என்ற பெண் குரலை அடையாளம் கண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடி, பேதுரு வந்திருக்கிறார் என்கிறாள். உனக்குப் பைத்தியம் என்கிறார்கள். அவள் விடாமல் சாதிக்கவே, அப்படியானால் அது அவருடைய தூதராக இருக்கும் என்கிறார்கள். வாசலில் தூதர் நிற்பதை நம்ப முடிகிறது, பேதுரு நிற்பதை நம்ப முடியவில்லை. அவர் வெளியே நின்று தட்டிக்கொண்டே இருந்தார்.